அக்கா வீட்டு டிவிக்கு ஒரு குச்சி

1

போன திங்கட்கிழமை என் வீட்டு டிவிப் பெட்டி போய்விட்டது. டிவி நன்றாக இருக்கிறது. அதன் பக்கத்தில் வைத்திருக்கும் சின்னப் பெட்டிதான் போனது. நெட்டிலிருந்து படத்தை எடுத்து டிவிக்குக் கொடுப்பது அதுதான். நீல விளக்கு எரியவில்லை. வயரைக் கழற்றி மாட்டினேன். தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மகளிடம் சொன்னேன். அவள் கோலாலம்பூரில் இருக்கிறாள்.

"மா, புதுசு ஆர்டர் பண்ணிடறேன். எது வேணும்?"

"இப்ப வேண்டாம். பொறு."

"டிவி இல்லாம என்னம்மா பண்ணுவ அங்க?"

அதற்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ஃபோனில் நீளமாகப் பேச எனக்கு வராது. எழுதினால் வருகிறதா பார்க்கிறேன். ஏற்காட்டுப் பக்கத்து ஆட்கள் படித்தால் பாதியை நான் சொல்லவே வேண்டாம், இடம் உங்களுக்குத் தெரியும்.

நான் செம்மநத்தத்துக்காரி. ஐந்தாவது வரை படித்தேன். கல்யாணம் ஆகி மலேசியா வந்தேன். ஈப்போவில் இருக்கிறேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். அவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகன் சிங்கப்பூரில். மகள் கோலாலம்பூரில். நான் ஒரு பள்ளிக்கூட கேண்டீனில் வேலை செய்கிறேன்.

ஊரில் எனக்கு ஒரு அக்கா. பெயர் வெள்ளையம்மா. செம்மநத்தத்தில் தனியாக இருக்கிறாள். அவளுக்கும் வீட்டுக்காரர் இல்லை. பிள்ளையும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காப்பிச் செடி, மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி. பழம் பறிக்கும் காலத்தில் எஸ்டேட்டுக்கும் வேலைக்குப் போவாள்.

இது அவள் வீட்டு டிவியைப் பற்றியது.

2

என் நாள் சுருக்கமானது. இருட்டோடு எழுந்து கேண்டீனுக்குப் போவேன். மீ என்கிற நூடுல்ஸைப் பிரட்டுவது, முட்டை அவிப்பது, தட்டுக் கழுவுவது. பிள்ளைகள் 'ஆன்ட்டி, ஆன்ட்டி' என்று கூப்பிடும். என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மூன்று மணிக்கு வீடு. துணி துவைத்து, ஒரு கை அரிசி போட்டு வடித்தால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு ஒன்பது மணி வரை ஒன்றும் இல்லை.

ஒன்பது மணிக்கு ஊரில் ஆறரை. அப்போது ஒரு தொடர் வரும். மாமியார், மருமகள், ஒரு பெரிய வீடு. உங்களுக்குத் தெரியாததில்லை.

அக்காவும் நானும் அதைச் சேர்ந்து பார்க்கும் பழக்கம் வந்த விதத்தைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் இறந்தபோது அக்காவால் வர முடியவில்லை. பாஸ்போர்ட் கிடையாது. முதல் வருட திதியன்று ராத்திரி ஃபோன் பண்ணினாள். பிள்ளைகள் மத்தியானமே வந்து சாப்பிட்டுப் போய்விட்டார்கள்.

"சோறு தின்னியா?"

"ஆச்சு."

"காக்கா எடுத்துச்சா?"

"எடுத்துச்சு."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நாங்கள் அப்படித்தான். எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேசிப் பழகவில்லை. ஆனால் ஃபோனை வைக்கவும் மனம் வரவில்லை. அவள் வீட்டில் டிவி ஓடும் சத்தம் கேட்டது. என் வீட்டிலும் அதே தொடர். இரண்டு பேரும் ஃபோனை வைக்காமலே பார்த்தோம். முடிந்ததும், "சரி கண்ணு, வெக்கறேன்" என்றாள்.

மறுநாள் அதே நேரத்துக்குக் கூப்பிட்டாள். அப்புறம் தினமும்.

ஊறுகாய் பாட்டிலில் ஃபோனைச் சாய்த்து வைப்பேன். ஸ்பீக்கரில் போடுவேன். தொடர் ஓடும்போது பேச மாட்டோம். விளம்பரம் வந்தால் இரண்டு வார்த்தை. மழையா, முழங்கால் எப்படி, என்ன குழம்பு. விளம்பரம் முடிந்தால் அக்கா, "வந்தாச்சு" என்பாள். வாயை மூடிக்கொள்வோம். அவ்வளவுதான். அந்த அரை மணி நேரத்தில் என் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பாள். அதற்காகத்தான் மற்ற நேரத்தை ஓட்டினேன்.

முதலில் நான் மாதக் கட்டணம் கட்டும் டிஷ் வைத்திருந்தேன். கட்டணம் ஏறியது. எடுத்துவிட்டு ஒரு பெட்டி வாங்கினேன். பெட்டியில் படம் கொஞ்சம் பிந்தி வரும். அக்காவுக்கு கேபிள். அவளுக்கு முந்தி வந்துவிடும். அவள் "அய்யய்யோ" என்பாள். என் டிவியில் மருமகள் அப்போதுதான் சிரித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். சரி, விழப்போகிறாள் என்று நான் தெரிந்துகொள்வேன்.

"சொல்லாதக்கா, நான் இன்னும் பாக்கல."

"நான் எங்க சொன்னேன்? மூச்சு வுட்டேன்."

3

போன வருட மழையில் ஒரு சில்வர் ஓக் மரம் விழுந்து கேபிள் அறுந்தது. மேலே கேபிள் வைத்திருந்தது நாலைந்து வீடுதான். கேபிள்காரர் திரும்ப வயர் இழுக்க வரவில்லை. அக்கா டிஷ் வைத்துப் பார்த்தாள். குரங்கு ஏறி உட்கார்ந்து டிஷ்ஷை மண்ணைப் பார்க்கத் திருப்பிவிட்டது. சரிசெய்தால் மறுநாளும் வந்து உட்கார்ந்தது.

"வெய்யக் காயறதுக்கு நல்ல எடமா புடிச்சிருக்குது. போகுது வுடு" என்றாள்.

டிவி இல்லாமல் பேசிப் பார்த்தோம்.

"தின்னியா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

"மழையா?"

"இல்ல. மூடாப்பு."

பிறகு சத்தமில்லை. என் டிவியில் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அவள் பார்க்காததை நான் மட்டும் பார்ப்பது ஒரு மாதிரியாக இருக்கும். டிவியை நிறுத்துவேன். நிறுத்தினால் இன்னும் அமைதி. "சரிக்கா, வெக்கறேன்" என்பேன். நான்தான் முதலில் சொல்வேன். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. பிறகு வாரத்துக்கு ஒரு தடவை.

அந்த வாரங்களில் கேண்டீனிலிருந்து வரும்போது மெதுவாக நடந்தேன். சீக்கிரம் போய் என்ன செய்வது.

4

அப்போதுதான் குச்சியைப் பற்றி மகன் சொன்னான். பெட்டிக்குப் பதில் விரல் நீளத்தில் வருகிறது. டிவிக்குப் பின்னால் செருகினால் போதும். நெட்டிலிருந்து தொடர் வரும்.

"எத வாங்கறது?" என்று கேட்டேன்.

"லிங்க் அனுப்பறேன்மா."

அனுப்பினான். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. மகளைக் கேட்டேன். "எதாச்சும் ஒண்ணு வாங்குமா, எல்லாம் சேம் லா" என்றாள். அவர்கள் நல்ல பிள்ளைகள். அவசரத்தில் இருப்பவர்கள்.

நானே கடைக்குப் போனேன். ஒரு சீனப் பெண்மணி வைத்திருக்கும் கடை. எனக்குத் தெரிந்த மலாயில் பேசினேன்.

இருப்பதிலேயே விலை குறைவான ஒன்றை முதலில் காட்டினாள். அதற்கு ரிமோட் இல்லை. ஃபோனால் ஓட்டுவது. அக்காவுக்கு ஃபோனில் பச்சையும் சிவப்பும்தான் தெரியும். வேண்டாம் என்றேன். விலை கூடினதைக் காட்டினாள். படம் நாலு மடங்கு தெளிவு என்றாள். அக்கா டிவி சின்னது. நாலு மடங்குத் தெளிவை அது எங்கே வைக்கும்? அதுவும் வேண்டாம்.

நடுவில் ஒன்று இருந்தது. ரிமோட்டில் பொத்தான் குறைவு. கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். எது எது என்று விரலுக்குத் தெரிந்தது. பேசினாலும் தேடும் என்றாள். ரிமோட்டை வாயருகில் பிடித்துத் தொடரின் பெயரைத் தமிழில் சொன்னேன். யாரோ மீன் பொரிப்பதைக் காட்டியது. அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்திருக்குமா?" என்று கேட்டேன். அவள் அதைப் பிடுங்கி, திரும்பச் செருகிக் காட்டினாள். எழுந்தது.

டிவிக்குப் பின்னால் குச்சி செருகும் தட்டை ஓட்டை இருக்கிறதா என்று முன்பே அக்காவிடம் கேட்டிருந்தேன். அவள் வீட்டுக்குக் கீழே எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் குடியிருக்கிறார். அவர் வந்து பார்த்து, இருக்கிறது என்றார்.

எல்லாம் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன். வாங்கினேன். கேண்டீன்காரி ஒருத்தியின் சொந்தக்காரர் சேலம் போனார். அவர் கையில் கொடுத்தனுப்பினேன்.

5

ரைட்டர் மாட்டிக் கொடுத்தார். அன்று ஒன்பது மணிக்கு அக்கா கூப்பிட்டாள்.

"தெரியுதாக்கா?"

"நொம்ப... தெளிவு... கண்..."

லைன் விட்டு விட்டு வந்தது. பிறகு நின்றே போனது. மறுநாள், "நேத்து லைன் சரியில்லயே" என்றேன். "மழ" என்றாள். அன்று லைன் சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒருநாளும் கெடவில்லை.

பழைய பழக்கம் திரும்பியது. ஃபோன், ஊறுகாய் பாட்டில், தொடர். ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. இப்போது அவளுக்கு முந்தி வருவதில்லை. என் டிவியில் மருமகள் அழுதால்தான் அங்கே "அய்யோ பாவம்" என்பாள். "வந்தாச்சு" என்பதும் என் டிவியில் பாட்டு வந்த பிறகுதான். இரண்டு டிவியும் ஒரே நடையாக நடக்கின்றன என்று எனக்குச் சந்தோஷம். நல்ல சாமானாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கேள்விகள் வர ஆரம்பித்தன.

"ஏங் கண்ணு, அவ கட்டியிருக்கறது என்ன சேல?"

"நீலம்."

"பட்டா?"

"பட்டுத்தான்."

இன்னொரு நாள், "இப்ப வந்தது ஆரு? பெரியவனா, சின்னவனா?" என்றாள். திரையில் முகம் பெரிதாக நின்றுகொண்டிருந்தது.

"தெரியலையாக்கா உனக்கு?"

"சரியாத் தெரியல. மங்கலா இருக்குது."

"கண்ணு தெரியலையா?"

"வயசாச்சுல்ல" என்றாள்.

எனக்குப் பயம் வந்தது. அந்த வீட்டிலிருந்து ரோட்டுக்கு வர ஒரு சரிவு இருக்கிறது. பாசி பிடித்த கல். பக்கத்தில் கிணறு. கண் போனால் அவள் எப்படி இருப்பாள்? யார் பார்ப்பார்கள்? சேலத்துக்குப் போய் கண் டாக்டரைப் பார் என்றேன். "பாக்கலாம்" என்றாள். மாதம் இரண்டு போனது. திரும்ப, "அவ கையில வெச்சிருக்கறது என்ன, கத்தியா கரண்டியா?" என்று கேட்டாள்.

அன்று முடிவு பண்ணினேன். நானே போய் அவளைச் சேலத்துக்கு அழைத்துப் போவது.

6

போவது லேசு இல்லை. என்னிடம் இருப்பது சிவப்பு அட்டை. இந்த நாட்டில் இருக்கலாம், வேலை செய்யலாம். குடியுரிமை இல்லை. வெளியே போனால் திரும்பி வருவதற்குத் தனி அனுமதி. நீண்ட நாள் வெளியே தங்கினால் அட்டைக்கே ஆபத்து என்பார்கள். இத்தனை வருடம் இருந்தும் ஒவ்வொரு தடவையும் கவுண்டரில் நின்று கேட்க வேண்டும்.

எதற்குப் போகிறாய் என்று இமிகிரேஷன் கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். அக்காவுக்குக் கண் சரியில்லை என்று மலாயில் சொன்னேன். வார்த்தைகளை முன்னே பின்னே போட்டுவிட்டேன் போல. அவள் என் கண்ணை உற்றுப் பார்த்தாள். உனக்குக் கண் சரியில்லாமல் தனியாக எப்படிப் போவாய் என்றாள். எனக்கில்லை, காக்காவுக்கு என்றேன். மலாயில் அக்காவுக்குக் காக்கா என்றுதான் பேர். முத்திரை குத்தினாள்.

பள்ளிக்கூட விடுமுறையில் கிளம்பினேன். போகும்போது ஒரு கண்ணாடி வாங்கிப் போனேன். கடையிலேயே விற்கும் படிக்கிற கண்ணாடி. டாக்டரைப் பார்க்கும்வரைக்கும் உதவட்டும் என்று.

திருச்சியில் இறங்கி, சேலம் வந்து, மலை பஸ் ஏறி, ஏற்காட்டில் மாறி, செம்மநத்தம் ரோட்டில் இறங்கும்போது சாயங்காலம். ஒரே மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏங் கண்ணு, செருப்பக் கழட்டிட்டு வா. வழுக்கும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு அவள் தெரியவில்லை. அவளுக்கு என் செருப்பு தெரிகிறது.

7

வாசலில் காப்பிப் பழம் குவித்திருந்தாள். பேசிக்கொண்டே காயைப் பொறுக்கி எடுத்துப் போட்டாள். இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு பச்சைக் காய் தப்பவில்லை. கீழே ரோட்டில் பஸ் போனது. "இன்னிக்கு அந்த நெட்டை டிரைவரு வரல, புதுசா ஆரோ ஓட்டறான்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

உள்ளே போனேன். டிவி இருந்தது. மேலே ஒரு துண்டு விரித்து, அதன் மேல் சாமிப் படத்துப் பூ வைக்கும் தட்டு.

"மணி ஆறரை ஆச்சே. டிவி போடலையாக்கா?"

"இன்னிக்கு எதுக்கு கண்ணு? நீதான் நேர்ல வந்துட்டயே."

"பரவால்ல, போடு. சேந்து பாக்கலாம்."

"சோறு திங்கலாம் வா."

நான் தட்டை எடுத்து வைத்துவிட்டு டிவியைப் போட்டேன். வெறும் நீலத் திரை. பின்னால் கையை விட்டுத் தடவினேன். தட்டை ஓட்டை காலியாக இருந்தது. விரலில் ஒட்டடை வந்தது.

"குச்சி எங்கக்கா?"

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, மாடத்திலிருந்து ஒரு பழைய டப்பாவை எடுத்தாள். உள்ளே பிளாஸ்டிக் கவரில் சுற்றிய குச்சி. ரிமோட். ரிமோட்டின் மேல் ஒட்டியிருந்த தாள்கூட உரிக்கவில்லை.

"கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்குது."

"அப்புறம்?"

"ரைட்டரு வந்து மாட்டிக் குடுத்தாரு. ஒருநா பாத்தேன். அவ மூக்குத்திக் கல்லுகூடத் தெரிஞ்சுது. ஆனா நெட்டு என்ற ஃபோன்ல இருந்துதான டிவிக்குப் போவோணும்? இங்க வேற என்ன இருக்குது? அந்தச் சன்னல்ல வெச்சாத்தான் சிக்னலே. நம்ம பேச்சும் அதே நெட்டுலதான வருது. அத டிவிக்குத் தொறந்து வுட்டா நீ பேசறது துண்டு துண்டா வருது. அப்பறம் அதுவும் வரல. படம் மட்டும் ஓடுது. ரெண்டுல ஒண்ணுதான் ஓடுமுன்னாரு ரைட்டரு. கழட்டி வெச்சுட்டேன்."

நான் உட்கார்ந்தேன்.

ஈப்போவில் நெட் சுவரிலிருந்து வருகிறது. ரிமோட் பார்த்தேன், பொத்தான் பார்த்தேன், கரண்ட் பார்த்தேன். செம்மநத்தத்தில் நெட் எங்கேயிருந்து வரும் என்று பார்க்கவில்லை. அங்கே பிறந்தவள் நான்.

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா?" என்றாள். குழம்பைக் கிளறினாள். "படமில்லீன்னா எதுக்கு ஃபோனுன்னு வெச்சுருவ. கேபிளு போனப்ப வெச்சயில்ல?"

அது உண்மை.

"அப்ப இத்தன நாளா நீ எதப் பாத்த?"

"உன்ற டிவி சத்தம் கேக்குமில்ல, அது போதும். ஆரு ஆருன்னு கொரல வெச்சே சொல்லிருவேன். மூஞ்சிதான் தெரியாது. சேல தெரியாது. அதத்தான் அப்பப்பக் கேட்டுக்குவேன்."

"கண்ணு மங்கலுன்ன."

"வேற என்னன்னு சொல்றது?"

சன்னலைப் பார்த்தேன். அதன் மேடையில் ஃபோன் வைக்க ஒரு செங்கல். பக்கத்தில் ஒரு முக்காலி. அவள் டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறாள். தினமும், வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டு.

கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதப் போட்டா நீ என்னயவிடக் கெழவியாத் தெரியற."

சோறு போட்டாள்.

8

மறுநாள் அவளை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனேன். எப்படியாவது ஒரு வழி இருக்கும் என்று தோன்றியது. பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் டிவி, ஃபோன் விற்கும் கடை. சேலத்து ஆள் வைத்திருக்கிறார்.

"வாங்கம்மா, என்ன பாக்கறீங்க? பெரிய டிவி வந்திருக்குதுங்க. செவுரு பூரா படந்தான்."

"எங்கூட்டுல செவுரே அம்புட்டு இல்ல" என்றாள் அக்கா.

நான் குச்சிகளைக் காட்டச் சொன்னேன். இங்கே விதவிதமாக இருந்தன. ஒன்று ஈப்போவில் பார்த்ததைவிடச் சின்னது. எத்தனை வெள்ளி என்று கேட்டுவிட்டேன்.

"வெள்ளியா? நகைக்கடை பக்கத்துச் சந்துங்கம்மா."

"அவ மலேசியாக்காரி. அங்க துட்டுக்கு அதுதான் பேரு" என்றாள் அக்கா.

"எந்த ஊட்டுக்கு வேணுங்க இது?"

"செம்மநத்தம்."

அவர் குச்சியைக் கீழே வைத்தார். "நெட்டு?"

"ஃபோனு."

"சன்னல்ல வெச்சாத்தான் எடுக்கும், இல்லீங்களா?"

"ஆமா."

"அப்ப எந்தக் குச்சி வாங்குனாலும் அதே கதைதானுங்க."

"இன்னொரு ஃபோன் வாங்கினால்?" என்றேன்.

"அங்க எடுக்கறது ஒரே கம்பெனி டவருதானுங்கம்மா. அதுவும் நூலாட்டம் வருது. அந்த நூல ரெண்டாப் பிரிச்சா ரெண்டும் அந்து போகும். வாங்குனீங்கன்னா எனக்கு யாவாரம். ஆனா நாளைக்கே திருப்பி எடுத்துட்டு வருவீங்க."

"வயர் இழுத்து நெட்?"

"டவுனுக்குள்ள இருக்குதுங்க. மேல எப்ப வருமுன்னு என்னயக் கேக்காதீங்க. மரம் வுழுந்தா ஏற ஆளில்ல." கொஞ்சம் யோசித்தார். "பென் டிரைவுல பழைய படமா ஏத்தித் தரட்டுங்களா? டிவில செருகிப் பாத்துக்கலாம்."

"பழசெல்லாம் எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

வெளியே வந்தோம். டீ குடித்தோம். ஏரியில் படகு விடுகிறவர்கள் சத்தம் கேட்டது. ஊர் பார்க்க வந்தவர்கள் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். தள்ளி நின்றோம்.

கிளம்பும் நாளன்று டப்பாவைக் கொண்டுவந்தாள்.

"இந்தக் குச்சிய நீயே எடுத்துட்டுப் போ. அங்கயாச்சும் ஆவும்."

வாங்கிப் பையில் வைத்தேன். பஸ் வரும்வரை ரோட்டில் நின்றாள். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. பஸ் வருவது எனக்குக் கேட்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்தது. கையைக் காட்டி நிறுத்தினாள்.

9

திரும்பி வந்த பிறகு முறை மாறியது. இப்போது நான் சொல்ல வேண்டும்.

"கதவத் தெறந்துட்டு வர்றா. பச்சைப் புடவை. தலை ஈரம்."

"பூ வெச்சிருக்காளா?"

"இல்ல."

"அப்ப சண்டதான்."

வாழ்நாளில் நான் இவ்வளவு பேசியதில்லை. முதல் சில நாட்கள் வாய் வலித்தது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியாது. அவள் நடக்கிறாள், அவள் உட்கார்கிறாள் என்பேன். "அது எனக்குச் சத்தத்துலயே தெரியுது, மூஞ்சியச் சொல்லு" என்பாள். முகத்தைச் சொல்லப் பழகினேன். அழுதால் எப்படி அழுகிறாள், அழாவிட்டால் எதைப் பார்க்கிறாள்.

ஒருநாள் மகள் ஃபோன் பண்ணியபோது லைன் பிஸி. பிறகு கேட்டாள். "யார்கூடம்மா இவ்ளோ நேரம்?" பெரியம்மா என்றேன். "என்னம்மா பேசுவீங்க ரெண்டு பேரும்?" அவளிடம் நான் இப்படிப் பேசியதில்லை. அவளும் என்னிடம் கேட்டதில்லை.

திங்கட்கிழமை பெட்டி போனது. அக்கா கொடுத்தனுப்பிய குச்சி அலமாரியில் இருக்கிறது. எடுத்துச் செருக வேண்டியதுதான். இந்த வீட்டில் எல்லாம் ஓடும். எழுந்து அலமாரிப் பக்கம் போனேன். மணி ஒன்பது. ஃபோன் அடித்தது.

"ஆரம்பிச்சாச்சா?"

டிவியைப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. அதில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஆச்சு" என்றேன்.

உட்கார்ந்தேன். ஃபோனை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்தேன்.

"மருமக வாசல்ல நிக்கறா. கையில ஒரு பை. மஞ்சச் சேல. யார்கிட்டயும் சொல்லல. திரும்பிப் பாக்கறா. மாமியாரு மாடியில இருக்கா. பாக்கல."

"போறாளா?"

"போறா. பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டா. பஸ்ஸு நிக்குது. ஏறிட்டா. சன்னலோரம் உக்காந்திருக்கா. பஸ்ஸு மலை ஏறுது."

"மலையா? அவ ஊரு மலையிலயா?"

"ஆமா போல. இப்பத்தான் காட்டறாங்க. வளைவு வளைவா வருது. வெளிய ஒரே பனி. சன்னல மூடல அவ. மூஞ்சியெல்லாம் ஈரம். தொடைக்கல."

நான் சொல்லிக்கொண்டே போனேன். எங்கேயும் நிற்கவில்லை. யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். டிரைவர் நெட்டையா குட்டையா என்று சொன்னேன். கண்டக்டர் அவளை எந்த ஊர் என்று கேட்டதையும், ஊர்ப் பெயரைச் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்ததையும் சொன்னேன். இருட்டிவிட்டது. ஒரு சரிவுக்குக் கீழே பஸ் நிற்கிறது. கதவு திறக்கிறது.

மூச்சு வாங்கியது. நிறுத்தினேன்.

அக்கா பக்கம் காற்று மட்டும் சன்னலில் அடித்தது.

"ஏங் கண்ணு" என்றாள். "இன்னிக்கு வெளம்பரமே வரலயே."

நான் கறுப்புத் திரையைப் பார்த்தேன்.

"பின்னால பாட்டுச் சத்தமும் கேக்கல."

அவள் முக்காலியை இழுத்துச் சன்னலுக்கு இன்னும் கிட்டே போடுவது கேட்டது.

"சரி" என்றாள். "எறங்குனாளா, இல்லயா? மேல சொல்லு."